தடி ஊசியும் ஒல்லி ஊசியும்

பிப்ரவரி 9

சிலந்தி அக்காவுக்கு,

நீ கேட்ட பின்னல் ஊசிகளைச் செய்து அனுப்பியிருக்கிறேன். கேட்டு ஒரு மாமாங்கம் ஆகிவிட்டது, தெரியும். "நான் கேட்டது ஊசியா, உத்திரமா?" என்று நீ அங்கே மூக்கைச் சுளிப்பதும் தெரியும். போனில் என்னைத் திட்ட முடியவில்லையே என்ற கோபம் வேறு உனக்கு. மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று என் காது போனதற்கு நான் என்ன செய்வேன்? கடிதத்தில் திட்டு. அதில்தான் நீ கெட்டிக்காரி.

மரம், கதவுக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டு. மில்லில் நாள் முழுக்கக் கதவுகள்தான். ஒருவன் சட்டம் அறுக்கிறான், ஒருவன் துளை போடுகிறான், நான் விளிம்பை இழைத்துத் தள்ளிவிடுகிறேன். எந்தக் கதவையும் காட்டி இது நான் செய்தது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, பின்னால் இருக்கிற கொட்டகையில் கடைசல் மெஷினை ஓடவிட்டு உளியை வைத்ததும், மரம் நாடா நாடாவாகச் சுருண்டு கை மேல் வந்து விழும் பார், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மீதி நாளைப் பொறுத்துக்கொள்கிறேன். உனக்கு ஊசி கிடைப்பதெல்லாம் கொசுறு.

வழக்கம்போல ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு வீடெல்லாம் சுற்றாதே. தலை எண்ணெய் ஏறினால் மரம் பிசுபிசுக்கும், நூல் ஓடாது. போன ஜோடி பாழானது அப்படித்தான். உருப்படியாக ஒன்று செய்து கொடுத்தால் அதைத் தலையில் குத்திக்கொள்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் எழுத்து ஏன் வரவர எறும்பு மாதிரி சிறுத்துக்கொண்டே போகிறது, தாளை மிச்சம் பிடித்து மாளிகை கட்டப் போகிறாயா என்று போன தடவை கேட்டிருந்தாய். ஆமாம், அப்படியே வைத்துக்கொள்.

அத்தானுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? ஊசி எப்படி இருக்கிறது என்று எழுது. மறைக்காமல் எழுது.

மரங்கொத்தி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

ஊசிகள் பத்திரமாக வந்தன. அருமையாக இருக்கின்றன. கடை ஊசி கீச் கீச்சென்று கத்தும். நீ செய்தது வாயே திறப்பதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வேலையாக உனக்கே ஒரு மஃப்ளர் பின்னி இதனுடன் அனுப்புகிறேன். சாம்பல் நிறம் உனக்குப் பிடிக்கும்.

உன் அத்தான் அப்படியேதான் இருக்கிறார். ஏணியிலிருந்து விழுந்ததில் உடைந்த இடுப்பு கூடிவருகிறது என்கிறார்கள். ஆனால் ஒருக்களித்துப் படுக்கக்கூட நான்தான் பிடித்துத் திருப்ப வேண்டும். "ஏம்மா, தண்ணி." "ஏம்மா, ஜன்னலைச் சாத்து." "ஏம்மா... ஒண்ணுமில்லை, இருக்கியான்னு பார்த்தேன்." இப்படியே பொழுது போகிறது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

மஃப்ளர் வந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீர். கண்ணி ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை. கடையில் தொங்குவது மாதிரி இருக்கிறது.

நீ இதை என் ஊசியில் பின்னவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தான் என்று பார்க்கிறாயா? நான் அனுப்பிய இரண்டில் ஒன்று தடி, ஒன்று ஒல்லி. ஊசியின் பருமனைச் சோதிக்க ஒரு தகரத் துண்டில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். ஊசி அதில் ஆடாமல் அசங்காமல் நுழைந்து வர வேண்டும். ஒன்று லொடலொடவென்று ஆடிக்கொண்டு போனது. மற்றது நுழையவே மாட்டேன் என்றது. செய்து செய்து பார்த்து, இதற்கு மேல் என்னால் முடியாது என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அந்த ஜோடியில் யார் பின்னினாலும் ஒரு வரிசை இறுகியும் அடுத்த வரிசை தொளதொளவென்றும்தான் வரும். உன் மஃப்ளரில் அப்படி ஒன்றைக்கூடக் காணோம்.

தெரிந்தே ஏன் அனுப்பினேன் என்று கேள். நீ திட்டுவாய் என்று அனுப்பினேன். "டேய், கண்ணு அவிஞ்சு போச்சா, இது ஊசியா உலக்கையா?" என்று நீ நாலு வரி எழுதியிருந்தால், சரி, இன்னும் கொஞ்ச நாளைக்கு எல்லாம் பழையபடிதான் என்று இருந்திருப்பேன். நீயோ 'அன்புள்ள தம்பி' என்று எழுதுகிறாய். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு என்கிறாய். என் எழுத்தைக் கேலி செய்து ஒரு வார்த்தை இல்லை. நீ திட்டாததுதான் எனக்கு வந்த ரிப்போர்ட்.

என் வீட்டுக்காரி உனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பண்ணாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பரவாயில்லை, இனி மறைக்க என்ன இருக்கிறது? வலது கை நடுங்குகிறது. நரம்பு வியாதி. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது குணமாகிற வியாதி இல்லைங்க. மாத்திரை போட்டா மெதுவாப் போகும், அவ்வளவுதான்." எதுவரை மெதுவாகப் போகும் என்று கேட்டேன். மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

மஃப்ளரைத் திருப்பி அனுப்புகிறேன். அத்தானுக்குப் போட்டுவிடு.

தம்பி

மார்ச் 20

மரங்கொத்தி,

ஆமாம், பொய்தான் சொன்னேன். இப்போது திருப்தியா?

உன் வீட்டுக்காரி போனில் அழுதாள். "அண்ணி, அவரு டம்ளரைப் பிடிச்சாலே தண்ணி தளும்புது. கேட்டா மில்லுல அசதிங்கறாரு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னோட பேசவே மாட்டாரு" என்றாள். அவள் மீது கோபப்படாதே. சுவரிடம் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பாள்?

உன் ஊசி வந்த அன்றே பின்ன ஆரம்பித்தேன். ஒரு ஜாண் வளர்ந்ததும் மடியில் விரித்துப் பார்த்தேன். ஒரு வரி இறுக்கம், ஒரு வரி தளர்வு, ஒரு வரி இறுக்கம், ஒரு வரி தளர்வு. கையால் தடவிப் பார்த்தேன். நீ எனக்கு எதிரே நின்று கையை நீட்டி ஆட்டிக் காட்டின மாதிரி இருந்தது. அப்படியே உருவிப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது வந்த அழுகையை உன் அத்தானுக்குத் தெரியாமல் அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஸ்டீல் ஊசியை எடுத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? திட்டி ஒரு கடிதமும் எழுதிப் பார்த்தேன். முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. நான் நாள் முழுக்கச் செய்கிற எதுவும் மிஞ்சுவதில்லை. சமைத்தால் தின்று தீர்கிறது. துவைத்தால் மறுபடி அழுக்காகிறது. இவரைத் துடைத்துப் படுக்க வைத்தால் மறுபடி வியர்க்கிறது. பின்னல் மட்டும்தான் இன்றைக்குச் செய்தது நாளைக்கும் மடியில் இருக்கிறது. நாலு வரிசை பின்னினால் நாலு வரிசை நீளம். அதைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு நிறைவு, அதை யாரிடமும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. உன்னிடம் சொல்லவே வேண்டியதில்லை. அதனால்தான் இப்போது கஷ்டம். விரல்கள் சொன்னபடி கேட்கின்றன என்று சந்தோஷப்பட்ட அடுத்த நிமிஷம் உன் ஞாபகம் வருகிறது. திருடியவள் மாதிரி ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஓடி வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருக்கிறது. ரயிலில் ஒரு பகல், ஒரு ராத்திரி. இவரை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்?

ஆசையாக அனுப்பியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாயே, எந்த ஊர் நியாயம் இது? இவர் கழுத்தில்தான் சுற்றியிருக்கிறேன். "தம்பிக்குப் பண்ணதை எனக்குப் போடறியே, நான் என்ன இளிச்சவாயனா?" என்கிறார்.

சிலந்தி

மார்ச் 31

சிலந்திக்கு,

இந்தக் கடிதத்தில்தான் நீ நீயாக இருக்கிறாய்.

ஊசியைக் கீழே வைக்காதே. நீ பின்னாமல் இருந்தால் என் கை நின்றுவிடுமா? இரண்டு பேரும் சேர்ந்து கெட்டுப்போவதில் யாருக்கு என்ன லாபம்? ஒன்று மட்டும் செய். எனக்கு இனி எது அனுப்பினாலும் என் ஊசியில் பின்னி அனுப்பு. வரி விழட்டும். என் கை செய்த வேலை எப்படி இருக்கிறது என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

மேஸ்திரி என்னை மெஷின் பக்கத்திலிருந்து மாற்றிவிட்டார். நல்ல மனுஷன், பக்குவமாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் இப்படி உக்காந்து செய்யுங்களேன்" என்று. முடிந்த கதவுக்கு அளவு எழுதின சீட்டு ஒட்டுகிற வேலை. அதையும் கோணலாகத்தான் ஒட்டுகிறேன். பக்கத்து ஆள் நான் பார்க்காதபோது உரித்துச் சரியாக ஒட்டுகிறான். நானும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போகிறேன். மெஷின் அதே மெஷின்தான், உளியும் நான் தீட்டி வைத்த உளிதான். தொட்டதும் நாடாவாக வந்த மரம் இப்போது பொடிப்பொடியாகச் சிதறுகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை அக்கா. யாராவது ஒரு ஆள் இருந்தால் சண்டையாவது போடலாம்.

மரங்கொத்தி

ஏப்ரல் 18

மரங்கொத்திக்கு,

பார்சலைப் பிரித்ததும் சிரிக்காதே. அது கையுறைதான். விரல் கிடையாது, மணிக்கட்டிலிருந்து விரல் முட்டிவரைக்கும் மூடும். உன் அத்தானுக்குக் கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். அவளிடம் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "கையில கொஞ்சம் கனம் ஏத்தினா சில பேருக்கு நடுக்கம் அடங்கும்கா. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது" என்றாள். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

கனத்துக்கு என்ன வைப்பது என்று வீட்டைப் புரட்டினேன். எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. உள்ளே சின்னச் சின்னப் பையாகப் பின்னி, அவற்றைப் போட்டுத் தைத்துவிட்டேன். நீ நடந்தால் சிறை வார்டன் வருகிற மாதிரி சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்.

சொன்ன சொல் காப்பாற்றியிருக்கிறேன். முழுக்க முழுக்க உன் ஊசியில் பின்னியது. ஒரு வரி இறுக்கம், ஒரு வரி தளர்வு. தடவிப் பார்.

சாப்பிடும்போது போட்டுக்கொள். எழுதும்போது போட்டுக்கொள். பலன் தெரியாவிட்டால் தூக்கிப் போடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நினைப்பேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

சிலந்தி

ஏப்ரல் 29

சிலந்தி! சிலந்தி!

அடங்குகிறது. முழுக்க இல்லை. ஆனால் அடங்குகிறது. காலையில் டம்ளரைச் சிந்தாமல் வாய்வரை கொண்டுபோனேன். என் வீட்டுக்காரி அடுப்பை அணைக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த எழுத்தைப் பார், எறும்பா இது? கட்டெறும்பாவது இருக்கும்.

கொஞ்ச நேரம்தான். கை அசந்துபோனால் மறுபடி ஆட்டம் வந்துவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரம் போதுமே எனக்கு. ஒரு ஊசி கடைய வேறென்ன வேண்டும்? நாளைக்கு லீவு. நல்ல துண்டாக ஒன்று பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை இரண்டும் ஒரே அளவு. ஓட்டையில் ஆடாமல் நுழையும், பார்.

மரங்கொத்தி

மே 5

தம்பி,

கடிதம் இப்போதுதான் வந்தது. அந்த உறையைப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் போகாதே. போகாதே. அது நூல்டா. சுற்றுகிற மெஷினில் நூல் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? மில்லுக்குப் புதிதாக வருகிறவர்கள் கையுறை போட்டிருந்தால் கழற்றச் சொல்லிக் கத்துவாய் என்று நீதானே ஒரு முறை எழுதினாய்? சாப்பிடவும் எழுதவும்தானே நான் சொன்னேன்?

நீ நாளைக்கு என்று எழுதியது எந்த நாளோ. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள்ளேயே அந்த நாள் வந்து போய்விட்டது. உன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. போன் எடுக்காத வீட்டுக்குக் கடிதம் எழுதி என்ன பிரயோஜனம்? சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். இவர் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். போகிறேன்.

அக்கா

மே 26

சிலந்திக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து எவ்வளவு பெரிசு பார். தாள் மிச்சம் பிடிக்கிறேன் என்று இனி நீ சொல்ல முடியாது.

போனில் என் வீட்டுக்காரி எல்லாம் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, ஒடிந்த இரண்டு விரல். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், பதறாமல் கேள்.

உறையைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நின்றபோதே தெரியும், கூடாது என்று. காலமெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். கழற்றினேன், கை ஆடியது. போட்டேன், நின்றது. கழற்றினேன், ஆடியது. என்னதான் செய்வேன் சொல்? போட்டுக்கொண்டேன்.

உளியை வைத்ததும் மரம் நாடாவாக வந்தது அக்கா. அறுபடாமல், மெல்லிசாக, சுருண்டு சுருண்டு வந்து உன் பின்னல் மேல் விழுந்தது. பச்சை மர வாசனை. எத்தனையோ மாதமாகப் பார்க்காதது. என் வாய் தானாகச் சிரித்தது. கண்ணும் நிறைந்துவிட்டது, அதனால்தான் நூல் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லையோ என்னவோ. மெஷின் அதைப் பிடித்து இழுத்தது. கையையும் சேர்த்து இழுத்தது. பின்னல் சரசரவென்று பிரிந்துகொண்டே போய்விட்டது, கை தப்பியது, விரலோடு போயிற்று. தளர்வான வரிசைகள் இருந்ததால்தான் பிரிந்து கொடுத்தது, உன் ஸ்டீல் ஊசியில் பின்னியிருந்தால் கை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். உன் மேல் தப்பில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் நீ கேட்கப்போவதில்லை, அதனால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொட்டகையைப் பூட்டி, சாவியை இவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சண்டை போடவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தாலும் உளி பிடிக்கிற கை இல்லை அது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷினை மில்லில் ஒரு ஆள் கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வருகிறான். அன்றைக்கு நான் வீட்டில் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று கடைந்த ஊசி பாதியில் நிற்கிறது. அதையும் தகரத் துண்டையும் இதில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் உதவாது. தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை, நீ போட்டுவிடு.

மரங்கொத்தி

ஜூன் 4

மரங்கொத்திக்கு,

தளர்வான வரிசையால் கை தப்பியது என்றெல்லாம் எழுதி என்னைத் தேற்றாதே. நான் பின்னாமல் இருந்திருந்தால் உன் விரல் விரலாக இருந்திருக்கும். இதை யார் வந்து மாற்றிச் சொன்னாலும் என் மனசு கேட்காது. சாவிகளைத் தேடித் தேடித் தைத்தேனே, நூல் முனையைக் கடைசியில் உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டேனா என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க உன் கொட்டகைதான் கண்ணுக்குள் இருந்தது. வண்டி வந்ததா, மெஷினை எப்படித் தூக்கினார்கள், நீ எங்கே போய் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் சொல். இந்த வயசில் அக்கா என்று ஒருத்தி இருந்தும் உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுக்க முடியவில்லை. மாதக் கடைசியில் இவர் ஊன்றுகோல் பிடித்து நடப்பார் என்று கால் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண் சொல்கிறாள். போன மாதமும் அதைத்தான் சொன்னாள்.

பாதி ஊசி வந்தது. தகரத்தில் விட்டுப் பார்த்தேன். ஆடாமல் அசங்காமல், இழுத்துப் பிடித்த மாதிரி நுழைந்தது. முனையிலிருந்து பாதிவரை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. மரம் பிய்ந்திருக்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளவில்லை. நீ சொன்னது சொன்னபடிதான் செய்திருக்கிறாய். எனக்கு நீ செய்த ஊசியிலேயே நல்ல ஊசி இதுதான். பாதிதான் இருக்கிறது.

"அதை வச்சு என்ன பண்ணப் போறே? பின்னவும் முடியாது, விறகுக்கும் ஆகாது" என்றார் உன் அத்தான்.

கொண்டையில் செருகிக்கொண்டேன். வழவழப்பான பாதி உள்ளே, பிய்ந்த பாதி வெளியே. காலையிலிருந்து அதோடுதான் வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வேறு இன்றைக்கு நிறைய வைத்திருக்கிறேன். மரத்தில் நன்றாக ஏறிக்கொண்டிருக்கிறது.

கேட்டாயா? உன் ஊசியைத் தலையில் குத்திக்கொண்டிருக்கிறேன். இடது கையாலாவது எழுதி என்னைத் திட்டு.

சிலந்தி